வெறுஞ்சோறு

முள் மாட்டிக்கொண்டுவிட்டது. எந்த இடம் என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட முடியாது. நாக்கு முடிகிற இடத்துக்கும் கீழே, இடது பக்கமாக, காதுக்குள் எங்கேயோ என்றுகூடச் சொல்லலாம். யுகேந்திரன் எச்சில் விழுங்கிப் பார்த்தான், குத்தியது. குத்தும் என்று தெரிந்தே இன்னொரு தடவை விழுங்கினான். இத்தனை வருஷமாக வாயில் எச்சில் ஊறுவதை அவன் கவனித்ததே இல்லை, இப்போது பார்த்தால் நிற்காமல் ஊறித் தொலைக்கிறது. எதிரே அப்பா பேசிக்கொண்டே இருந்தார். பால்கெண்டை என்றால் கடலிலும் இருக்கும் உப்பங்கழியிலும் இருக்கும், இப்போ மீன்பிடித் தடைக்காலம், பெரிய போட்டெல்லாம் கரையில கட்டிக் கிடக்கு, வஞ்சிரம் கேட்டா ஐஸ்ல கிடந்து செத்த வஞ்சிரம்தான் வரும், ஊருக்கு வந்தா ஊர் மீன் தின்னணும்டா யுகா, முள்ளு கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா ருசி அந்த முள்ளுக்கு நடுவுலதான் இருக்கு. அப்பா எப்போதும் இப்படித்தான், எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரைப் பற்றி அந்த ஊர்க்காரனுக்கே சொல்லிக்கொடுப்பார். தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறி வெந்நீர் மாதிரிக் காற்றை ஊற்றிக்கொண்டிருந்தது. "முள்ளுப்பா," என்றான் யுகேந்திரன். "ஆமாடா, அதான் சொன்னேனே, முள்ளு ஜாஸ்தி." "இல்ல, தொண்டையில." அப்பா பேச்சை நிறுத்துவதற்குள் மெஸ் நடத்துகிற மரகதக்கா சோற்றுக் குண்டானோடு வந்து நின்றுவிட்டாள். "தண்ணி குடிக்காத தம்பி, தண்ணிக்கெல்லாம் அது மசியாது. வெறுஞ்சோத்த உருட்டி, மெல்லாம அப்படியே முழுங்கு. இழுத்துக்கிட்டுப் போயிரும்." பக்கத்து மேஜையில் நண்டு ஓட்டைக் கடித்துக்கொண்டிருந்த உப்பு லாரிக்காரர் திரும்பினார். "சாருக்கு எந்த ஊரு?" அப்பா கரூர் என்றார். "அதான பார்த்தேன். கொசுவலை நெய்யிற ஊருல்ல? தம்பி தொண்டையும் வலையாட்டம் இருக்கு, மாட்டிக்கிச்சு." மரகதக்கா சிரித்தாள், அப்பாவும் சிரித்தார். யுகேந்திரனுக்கு அந்த ஆளை அப்படியே தூக்கி உப்பளத்தில் போடலாம் போல இருந்தது, ஆனால் எச்சில் ஊறியது, விழுங்கினான், குத்தியது. அப்பா சோற்றை எடுத்து எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி, எல்லார் முன்னாலும் கையை நீட்டினார். "ஆ காட்டு." பதினேழு வயசு. மீசை வந்துவிட்டது, வந்தது போலவாவது இருக்கிறது. "வேணாம்," என்றான்.

வேணாம் என்றதற்கு வெட்கம் மட்டும் காரணம் இல்லை. அவ்வளவு பெரிய உருண்டையை மெல்லாமல் விழுங்கினால் அது பாதியில் நிற்காது என்று யார் சொன்னது. முள்ளாவது குத்துகிறது, அவ்வளவுதான், சோறு அடைத்துக்கொண்டால் மூச்சு போய்விடும். எட்டாவது படிக்கும்போது பக்கத்து பெஞ்ச் ஒருத்தன் சொல்லியிருக்கிறான், ஊசி உள்ளே போனால் ரத்தத்தோடு ஓடி ஓடிக் கடைசியில் இதயத்தில் போய்க் குத்தும் என்று. அப்போது அவனைக் கேலி பண்ணினான். முள்ளும் ஊசி மாதிரிதானே. ஓடுமா? சரி, எல்லாரும் மீன் தின்கிறார்கள், இந்த லாரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டே தின்கிறார், இவனுக்கு மட்டும் ஏன் மாட்டியது என்றால் இவனுக்கு மீன் தின்னத் தெரியாது. இன்றைக்குத்தான் அது தெரிந்தது. அப்பா மேட்டூர்க்காரர், அணை மீன் முள்ளோடு வளர்ந்தவர், நாக்காலேயே முள்ளைப் பிரித்து ஓரமாகத் துப்புவார். அம்மா ராசிபுரம், முள் என்றால் பயம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்பாதான் அம்மாவுக்கு முள் எடுத்து வைப்பார். பேசிக்கொண்டே, பார்க்காமலே, விரல் நுனியால் உருவி, வெள்ளைச் சதையை மட்டும் தன் தட்டின் ஓரத்தில் குவித்து அம்மா பக்கம் தள்ளுவார். அந்தக் குவியலில் பாதியை அம்மா பேசாமல் இவன் தட்டுக்குத் தள்ளிவிடுவாள். அதைத்தான் இத்தனை காலமும் மீன் என்று நினைத்துத் தின்றுகொண்டிருந்தான். அப்பாவுக்குத் தெரியுமோ தெரியாதோ, அம்மா தின்றது அவர் நினைத்ததில் பாதிதான். இப்போது அப்பாவின் இலையைப் பார்த்தான். மேல் ஓரத்தில், உப்புக்குப் பக்கத்தில், முள் எடுத்த சதை ஒரு குவியலாக இருந்தது. நன்றாகப் பெரிய குவியல். கை அதுபாட்டுக்குச் செய்திருக்கிறது. அப்பாவும் அப்போதுதான் அதைப் பார்த்தார். தின்னவில்லை, இவன் பக்கம் தள்ளவும் இல்லை. இலையை மடித்தார், குவியலோடு. மரகதக்கா விடவில்லை. "என்ன சார், சதையெல்லாம் எடுத்து வச்சுட்டுத் தின்னாம மடிக்கிறீங்க?" "வயிறு நெறைஞ்சிருச்சும்மா," என்றார் அப்பா, எழுந்துகொண்டே. "கொஞ்சம் வெறுஞ்சோறு மட்டும் கட்டிக் குடுங்க. பையன் அப்புறமா முழுங்குவான்."

வெளியே வெயில் அடிக்கவில்லை, அறைந்தது. ஆலங்கழி என்று பெயர் வைத்த ஊரில் ஒரு ஆலமரம் இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், அது முடிந்தால் உப்பளம், உப்பளம் முடிந்தால் வானம். காலையிலிருந்தே அப்பா நடந்தே போகலாம் நடந்தே போகலாம் என்றார், நடந்தால்தான் ஊர் தெரியுமாம். கையில் சோற்றுப் பொட்டலம், கழுத்தில் ஆபீஸ் நண்பரிடம் இரவல் வாங்கிய பைனாகுலர், முதுகில் பை. பஸ் பாடி கட்டுகிற கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவர் காட்டு ஆபீசர் மாதிரி முன்னால் போனார். யுகேந்திரன் பின்னால் போனான். ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு விழுங்கல். சொல்லிப் போடு கண்ணு. காலையில் அப்பா குளித்துக்கொண்டிருக்கும்போது லாட்ஜ் ஜன்னல் பக்கம் நின்று அம்மாவோடு போனில் பேசினான். பாத்ரூமிலிருந்து தண்ணீர் சத்தம், இந்தப் பக்கம் அம்மா. "பக்கத்துல இருக்காரா?" "குளிக்கிறாரு." "இன்னைக்குச் சொல்லிப் போடு கண்ணு. வெளியூர்ல வெச்சுச் சொன்னா நல்லது. அவரு பாட்டுக்குக் கத்துனாலும் ஊருல யாருக்கும் தெரியாது." "அவரு கத்த மாட்டாரும்மா." "அதத்தான் நானும் சொல்றேன்," என்றாள் அம்மா. மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போகிறேன் என்று ராசிபுரம் போனவள். கிரகப்பிரவேசம் முடிந்து போட்டோகூட வந்துவிட்டது. அம்மா அங்கேயே ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் வார்டனாகச் சேர்ந்துவிட்டாள், தங்க இடமும் அங்கேயே. திரும்பி வரமாட்டாள். இது மாமாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், யுகேந்திரனுக்குத் தெரியும். அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது யுகேந்திரன்.

ஏன் நான், என்று கேட்டான், கேட்காமல் விடுகிற ஆள் இல்லை அவன். "நீயே போன் பண்ணிச் சொல்லு. உன் புருஷன்தானே." "நான் சொன்னா அவரு காதுல போகாதுடா. தலைவலிங்கன்னு சொன்னா தலைவலி எதனால வருதுன்னு சொல்லுவாரு. தூக்கம் வரலீங்கன்னா தூக்கத்தப் பத்திப் பேசிப் பேசி அவரு தூங்கிருவாரு. ஒரு நாளு சொன்னேன், நான் எங்க ஊருக்கே போயிடறேனுங்க, இனி முடியலீங்கன்னு. எந்த பஸ்ல போனா சீக்கிரம் போலாம்னு சொன்னாரு." இதைச் சொல்லும்போது அம்மா சிரித்தாள், அதுதான் மோசம். "அடிச்சிருந்தா நாலு பேருகிட்டச் சொல்லிக்கலாம். குடிச்சிருந்தா சொல்லிக்கலாம். முள்ளு எடுத்து வெக்கிற மனுசனப் பத்தி யாருகிட்டப் போய்ச் சொல்ல? உன் பரீட்சை முடியட்டும்னுதான் இருந்தேன் கண்ணு." அந்தக் கடைசி வரியை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். உன் பரீட்சை முடியட்டும்னுதான். அப்படியென்றால் இரண்டு வருஷமாக வீட்டில் ஓடியது ப்ளஸ் டூ இல்லை, அம்மாவின் நாள்காட்டி. ராத்திரி டீ போட்டுக் கொடுத்தது, கெமிஸ்ட்ரி டியூஷனுக்கு ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டது எல்லாம், சீக்கிரம் முடி சீக்கிரம் முடி என்றா? அப்படி இருக்காது. ஏன் இருக்காது? ரிசல்ட் வந்தது, பாஸ், சுமாரான மார்க், அம்மா அழுதாள். சந்தோஷம் என்று நினைத்தான். ஃபெயில் ஆகியிருந்தால் இன்னொரு வருஷம் இருந்திருப்பாளோ. ஃபிசிக்ஸில் ஒன்றும் எழுதாமல் பேப்பரை மடித்துக் கொடுத்திருக்கலாம். இதை யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் பைத்தியம் என்பார்கள், ஆனால் அவன் நேர்மையாக யோசித்துப் பார்த்தான், முன்பே தெரிந்திருந்தால் மடித்துக் கொடுத்திருப்பான். எச்சில். குத்தியது. முள் கொஞ்சம் கீழே இறங்கின மாதிரி இருந்தது, இல்லை, அதே இடம்தான்.

வனத்துறைச் செக்போஸ்டில் ஒரு போர்டு, அதில் ரோஸ் கலரில் பூநாரை, கழுத்து நெளிந்து, யாரோ அதற்கு மீசை வரைந்திருந்தார்கள். உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்சர் இவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "பூநாரையா? இப்ப வந்து நிக்கிறீங்களே சார். தை, மாசியில வந்திருந்தீங்கன்னா கழி பூராவும் செவப்பா நிக்கும். எல்லாம் கெளம்பிப் போயிருச்சு." அப்பா அசரவில்லை. "சிலது தங்கியிருக்கும்ங்க. எல்லாமே ஒரே நேரத்துல போகாது." வாட்சர் தோளைக் குலுக்கினார். "இருந்தா பாத்துட்டு வாங்க." வருஷா வருஷம் தை பிறக்கும்போது அப்பா சொல்வார், இந்தத் தடவை உங்கம்மாவுக்குப் பூநாரை காட்டணும். வருஷா வருஷம் தையில் ஸ்டோரில் ஏதாவது வரும், கணக்கெடுப்பு, புது ஆர்டர். முதல் சில வருஷம் அம்மா பை எடுத்து வைத்திருக்கிறாள். அப்புறம் எடுத்து வைக்கவில்லை. இப்போது வைகாசியில் லீவு போட்டு, பறவை இல்லாத ஊருக்கு, மீன் இல்லாத மாசத்தில், அம்மா இல்லாமல் வந்திருக்கிறார். மூன்று பேருக்கு ரூம் போட்டிருந்தார். ராத்திரி மூன்றாவது கட்டிலில் பையையும் துண்டையும் பரப்பி வைத்தார், காலியாகத் தெரியக் கூடாது என்கிற மாதிரி. அப்போதே சொல்லியிருக்கலாம். விளக்கை அணைத்ததும் சொல்லியிருக்கலாம், இருட்டில் முகம் பார்க்க வேண்டாம். ஆனால் அப்பா உடனே குறட்டை விட்டார். அந்தக் குறட்டை நிஜமா என்று யுகேந்திரன் இப்போது முதல் தடவையாக யோசித்தான்.

கழி என்றால் தண்ணீர் இருக்கும் என்று நினைத்திருந்தான். தண்ணீர் எங்கேயோ தூரத்தில் ஒரு கோடு போலக் கிடந்தது, இந்தப் பக்கம் பூராவும் சேறு, வெடித்து வெள்ளை பூத்த சேறு. மிதித்தால் மேலே மொறமொற, அடியில் கொழகொழ. ஒரு பக்கக் கொடுக்கு மட்டும் பெரிசாக இருக்கிற குட்டி நண்டுகள் ஆயிரக்கணக்கில் நின்று கொடுக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டின, வா வா என்று கூப்பிடுகிற மாதிரி, ஒரு அடி வைத்தால் அத்தனையும் வளைக்குள். நின்றால் மறுபடி வெளியே வந்து வா வா. ஒரு மட்டக்குதிரை, யாருடையதும் இல்லாதது, விலா எலும்பெல்லாம் தெரிய, சேற்றில் எதையும் மேயாமல் சும்மா நின்றது. "அப்பா," என்றான். "அதோ பவளக்காலி, பாத்தியா, கால் மட்டும் செவப்பா." இருந்தது, உண்மையிலேயே ஒன்று இருந்தது, குச்சி மாதிரிக் காலை வைத்துச் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. "அப்பா, அம்மா வந்து—" "அம்மாவத் தை மாசம் கூட்டிட்டு வந்துரணும்டா. இந்தத் தடவை முன்னாடியே லீவு எழுதி வச்சிரலாம்." "அதில்லப்பா." "தொப்பி போட்டுக்க, வெயில் மண்டையப் பொளக்குது." இப்படியே போனது. வாயைத் திறந்தால் ஒரு பறவை, இல்லாவிட்டால் ஒரு தகவல், இல்லாவிட்டால் தண்ணி பாட்டில். யுகேந்திரனுக்குக் கோபம் வந்தது. அம்மா இருபது வருஷம் இதைத்தான் பொறுத்திருக்கிறாள், இவனால் இருபது நிமிஷம் முடியவில்லை. இப்போதே, இந்தச் சேற்றிலேயே நிறுத்திச் சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் என்ன ஆகும்? உட்கார்ந்துவிடுவாரா? நெஞ்சைப் பிடிப்பாரா? அழுவாரா? அப்பா அழுது அவன் பார்த்ததில்லை, அது எப்படி இருக்கும் என்றே தெரியாது, தெரியாததுதான் பயம். அதைவிடப் பயம், அவர் அழாமல், ராசிபுரத்துக்கு எந்த பஸ் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால்? அப்போது அம்மா சொன்னது எல்லாம் சரியாகிவிடும். ஜூனில் இவன் கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விடுவான். வீட்டில் அப்பா மட்டும். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவார், வாங்காமல் இருக்க மாட்டார். தட்டு ஓரத்தில் குவியும். கை அதுபாட்டுக்குச் செய்யும். அதை என்ன செய்வார், வீட்டில் இலையா இருக்கும் மடிப்பதற்கு?

நின்றான். "அப்பா. நில்லுங்க. அம்மா இனிமே—" "அதோ!" அப்பா கத்தினார், நிஜமாகவே கத்தினார். "அதோ பாருடா! பூநாரை! மேல, மேல!" பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி இவன் கையில் திணித்தார். யுகேந்திரன் கண்ணில் வைத்தான். வெள்ளை வானம். வலது பக்கம் திருப்பினான், வெள்ளை. நடுவில் இருக்கிற உருளையைத் திருகினான், கலங்கியது, தெளிந்தது, அதே வெள்ளை, ஒரு காக்காகூட இல்லை. கண்ணிலிருந்து எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தான். அப்பாவின் கை நேராக வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்பா வானத்தைப் பார்க்கவில்லை. காலடியில் இருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், கொடுக்கைத் தூக்கிக் காட்டுகிற நண்டுகளை. விரல் மட்டும் மேலேயே நின்றது, இறக்க மறந்த மாதிரி. காட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை, இருந்ததே இல்லை. எத்தனை நாளாக அவருக்குத் தெரியும்? காலையிலிருந்தா, கிரகப்பிரவேசத்திலிருந்தா, எந்த பஸ் சீக்கிரம் என்று சொன்ன அன்றைக்கேவா? காதில் போகாமல் இல்லை. போயிருக்கிறது. போனதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பஸ் பேரைச் சொல்லியிருக்கிறார். இது அம்மாவுக்குத் தெரியுமா? தெரிந்தால் வருவாளா? வரமாட்டாள், அவனுக்கே தெரிகிறது, இருபது வருஷம் ஒரு ஆள் உள்ளே எங்கே இருக்கிறார் என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. "தெரிஞ்சுதா?" என்று அப்பா கேட்டார், தலை நிமிராமல். யுகேந்திரன் எச்சிலை விழுங்கினான். குத்தியது. "தெரிஞ்சுதுப்பா," என்றான். அப்பாவின் கை மெதுவாகக் கீழே வந்தது. "போயிருச்சு," என்றார்.

திரும்பி நடக்கும்போது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. குதிரை அதே இடத்தில் நின்றது, அதைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. செக்போஸ்ட் வாட்சர், "பாத்தீங்களா சார்?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார், பார்த்தோம் என்றா இல்லை என்றா என்று வாட்சருக்கும் புரிந்திருக்காது. அப்பாவின் பேச்சு இல்லாமல் இந்த ஊரில் இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார், காலடியில் கருவேல நெற்று நொறுங்குவது, அப்பா கையில் பொட்டலத்துப் பேப்பர் சரசரப்பது. இந்த அமைதிக்குத்தான் அம்மா ஏங்கியிருப்பாள், கிடைத்திருந்தால் அவளுக்குப் பிடித்திருக்குமா? அவனுக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது சொல்லுங்களேன் என்று இருந்தது. உப்பு எப்படி விளைகிறது என்றாவது சொல்லுங்களேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, கரையேற்றிக் கவிழ்த்த படகு ஒன்றின் நிழலில் உட்கார்ந்தார்கள். தார் வாசனை, காய்கிற கருவாட்டு வாசனை. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்காமலே தெரியும், இருந்தாலும் எடுத்துப் பார்த்தான். சொல்லிட்டியா கண்ணு. அவ்வளவுதான். திரையைக் கவிழ்த்துத் தொடையில் வைத்துக்கொண்டான். அப்பா அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரிப் பொட்டலத்தின் நூலைப் பிரித்தார். மரகதக்கா கட்டிக் கொடுத்த சோறு இலையோடு சேர்ந்து வியர்த்துப்போயிருந்தது. அதிலிருந்து ஒரு கை எடுத்து உருட்டினார். அவசரமே இல்லாமல் உருட்டினார், ஒரு பருக்கைகூட வெளியே நீட்டாத மாதிரி, முள் எடுக்கிற அதே விரல்களால்.

"ஆ காட்டு," என்றார். இந்தத் தடவை யுகேந்திரன் காட்டினான். சுற்றி யாரும் இல்லை என்பதால் இல்லை, எதிர்க் கடையில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டு இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உருண்டை நாக்கின் மேல் கனமாக உட்கார்ந்தது. உப்பில்லை, ருசியில்லை, இலை வாசனை மட்டும். அப்பா கையைத் துடைக்கவில்லை. இவன் பக்கமாகத் திரும்பி, முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து அவர் யாருக்காகவும் காத்திருந்து இவன் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்திருக்க மாட்டாள். "மெல்லாத," என்றார். "அப்படியே முழுங்கு." அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முழுங்கிட்டுச் சொல்லு. என்னமோ சொல்ல வந்தியே." கண் இவன் முகத்திலேயே இருந்தது. காட்டுவதற்கு விரல் எங்கேயும் போகவில்லை. தொடையில் போன் இன்னொரு தடவை அதிர்ந்தது. தூரத்தில் பஸ் வருகிற சத்தம், புழுதி. முழுங்கினால் முள் போய்விடும். போய்விட்டால் சொல்ல வேண்டும். அப்பா காத்துக்கொண்டிருந்தார்.

யுகேந்திரன் மென்றான். மெதுவாக, பல்லுக்குப் பல் மாற்றி, சோறு இனிக்கத் தொடங்குகிற வரைக்கும், இனித்த பிறகும்.